சாய்ந்த கோடு – ஓய்ந்த கோடு

புகைப்படம் அசைவதில்லை. தாளிலே பதிந்தது பதிந்தபடியே கிடக்கிறது. காற்றடித்தால் தாள் ஆடுமே தவிரப் படத்திலுள்ள மரம் ஆடாது. அதிலே நிற்கும் மனிதன் ஓரடி எடுத்து வைக்கமாட்டான். எனினும், ஒரு படத்தைப் பார்க்கும்போது நெஞ்சு துடிக்கிறது. ‘எழு, ஏறு, ஓடு’ என்று எவரோ நம்மை ஏவுவதுபோலிருக்கிறது. வேறொரு படத்தைப் பார்க்கும்போது பேச்சு அடங்குகிறது; நள்ளிரவிலே ஏரிக்கரையில் தனித்து நிற்பதுபோல உள்ளம் ஓய்கிறது. இரண்டும் தாள்தான். இரண்டிலும் இருப்பவை கருப்பும் வெளுப்புமே. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

‘அது கலையின் மாயம், விளக்கத்துக்கு அப்பாற்பட்டது’ என்று கூறிக் கண்ணை மூடிக்கொள்வோர் உண்டு. ‘எல்லாம் அவன் செயல்’ என்று கூறி அறிவை அடகு வைத்தோரின் உடன்பிறப்புகள் இவர்கள். நாம் அந்த முகாமினர் அல்லர். இடி ஏன் இடிக்கிறது, அம்மை ஏன் வருகிறது என்று கேட்டவர்கள், படம் ஏன் பதறச் செய்கிறது என்றும் கேட்டாக வேண்டும். கேட்டால் விடை கிடைக்கிறது. விடையின் பெரும்பகுதி வியப்பூட்டும் அளவுக்கு எளியது: படத்திலே ஓடும் கோடுகள் எத்திசை நோக்கிச் செல்கின்றன என்பதிலே அடங்கியிருக்கிறது அது.

கோடுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: படுத்த கோடு, நிமிர்ந்த கோடு, சாய்ந்த கோடு. இவற்றின் பொருளை எந்தச் சாத்திரமும் நமக்குச் சொல்லித் தரவில்லை. நம் உடலே சொல்லித் தந்தது. உறங்குபவன் படுத்திருக்கிறான். இறந்தவனும் படுத்திருக்கிறான். காவல் காப்பவன் நிமிர்ந்து நிற்கிறான். ஓடுபவனோ முன்னே சாய்கிறான். பாரவண்டி இழுப்பவன் சாய்கிறான். ஏற்றம் இறைப்பவன் சாய்கிறான். கால் இடறி விழுபவனும் சாய்கிறான். மூங்கில் கழியொன்றைத் தரையிலே கிடத்துங்கள். அதைப் பற்றிக் கவலைப்பட எவருமில்லை. செங்குத்தாக நட்டு வையுங்கள். நிற்கிறது என்ற நம்பிக்கை பிறக்கிறது. சாய்த்துவிட்டுக் கையை எடுங்கள். பார்த்துக்கொண்டிருப்பவன் பாய்ந்து வந்து பிடிப்பான். புவியின் ஈர்ப்பு அந்தக் கழியை அப்படியே விட்டு வைக்காது என்பதை அவன் உடல் அறியும். சாய்ந்த கோடு முடிவுறாத கோடு. அது விழ வேண்டும், அல்லது எழ வேண்டும். அந்த ‘வேண்டும்’ என்பதுதான் படத்திலே நாம் காணும் வேகம்.

நம் மொழியைப் பாருங்கள். நேரானது செம்மை, நீதி வழுவாத ஆட்சி செங்கோல். வளைந்தது கொடுமை, அறம் தவறிய ஆட்சி கொடுங்கோல். கோணலும் கோட்டமும் குற்றத்தின் பெயர்களாயின. துலாக்கோலின் தண்டு சாயாது நின்றால் நடுவுநிலைமை; சாய்ந்தால் ஓரவஞ்சனை. நேர்கோட்டை நீதியென்றும் சாய்கோட்டைத் தீதென்றும் பழகிப்போன மனத்தினர் நாம். ஆட்சிக்கு அந்த அளவுகோல் பொருந்தும், படத்துக்குப் பொருந்தாது. படத்திலே சாய்கோடு குற்றமன்று. அஃது ஓர் ஆற்றல். அந்த ஆற்றலை எவர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதிலேதான் செங்கோலும் கொடுங்கோலும் பிறக்கின்றன. இதனை விளக்கவே இக்கட்டுரை.

விஞ்ஞானமும் இங்கே ஓரளவு துணைக்கு வருகிறது. கிடைக்கோட்டையும் நெடுக்கோட்டையும் கண் துல்லியமாகப் பிரித்தறிகிறது. சாய்கோட்டை அறிவதிலே அத்துணைத் துல்லியம் இல்லை. இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 1972இல் ஸ்டூவர்ட் ஆப்பெல் என்பார் எழுதினார். சாய்வு விளைவு என்ற பெயரும் அதற்கு நிலைத்தது. சாய்கோட்டினிடம் கண்ணுக்கு உறுதி குறைவு என்பதே அந்த ஆய்வுகள் காட்டுவது. ‘ஆகவே உணர்ச்சி பொங்குகிறது’ என்று அதற்கு மேலும் அவற்றை இழுத்து நீட்டுவது விஞ்ஞானமாகாது, ஆரூடமாகிவிடும்.

ஆரூடம் பேசுவோர் இத்துறையிலும் உண்டு. இடப்புறக் கீழ் மூலையிலிருந்து வலப்புற மேல் மூலைக்குச் செல்லும் கோடு ஏற்றம். மாறிச் சென்றால் இறக்கம் என்று விதி வகுப்பர். இடமிருந்து வலமாகப் படிக்கும் நமக்கு அது பொருந்துவதுபோலத் தோன்றும். வலமிருந்து இடமாக எழுதும் அரபு நாட்டானுக்கும் அவ்வாறே தோன்றுமென்று எப்படிச் சொல்வது? விதியென்று எவர் எதைக் கூறினாலும் உரைத்துப் பார்த்து எடுத்துக்கொள்வதே நமக்கு வழக்கம். உலகறிந்த படமொன்றிலே உரைத்துப் பார்ப்போம்.

1945 பிப்ரவரி 23. பசிபிக் கடலிலே இவோ ஜிமா என்னும் எரிமலைத் தீவு. அதன் சூரிபாச்சி மலையுச்சியிலே அமெரிக்கப் படையினர் கொடியேற்றினர். ஒரு முறையன்று, இரு முறை! காலையிலே ஏற்றிய கொடி சிறியது. தொலைவிலுள்ளோர் காண இயலாதது. நண்பகலையொட்டி அதை இறக்கிப் பெரிய கொடியை ஏற்றினர். முதற்கொடியைப் படமெடுத்தவர் படைத்துறை இதழொன்றைச் சேர்ந்த லூயிஸ் லோவரி. அவர் எடுத்தவற்றுள் பெரிதும் அறியப்பட்ட படத்திலே கொடி பறக்கிறது, கம்பம் நிற்கிறது, சூழ வீரர்கள் நிற்கின்றனர், முன்னே ஒருவன் துப்பாக்கியுடன் காவல் காக்கிறான். வேலை முடிந்துவிட்டது. இரண்டாவது கொடியைப் படமெடுத்தவர் செய்தி நிறுவனத்தைச் சேர்ந்த ஜோ ரோசந்தால். கற்களையும் மணல் மூட்டைகளையும் அடுக்கி அவற்றின்மீது ஏறி நின்று, அவசரமாக அழுத்தினார் விசையை. அவர் படத்திலே கம்பம் நிற்கவில்லை, சாய்ந்திருக்கிறது. ஆறு பேர் அதை உந்துகின்றனர். அடியிலே ஒருவன் குனிந்து ஊன்றுகிறான். கடைசியிலே இருப்பவனின் கைகள் கம்பத்தை விட்டு அப்போதுதான் விலகியிருக்கின்றன. வேலை முடியவில்லை, முடியப் போகிறது.

முதற்படத்தை வரலாறு பயில்வோர் மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றனர். இரண்டாவது படம் அஞ்சல் தலையாயிற்று, ஏழாவது போர்க்கடன் திரட்டலின் சுவரொட்டியாயிற்று, வெண்கலச் சிலையாயிற்று, 1945ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசையும் பெற்றது. செய்தி நிறுவனத்தின் வேகமும் இப்புகழுக்குத் துணை செய்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், வேகமாகச் சென்ற படங்கள் எத்தனையோ குப்பையிலே சேர்ந்திருக்க, இது நிலைத்ததன் காரணம் அந்தச் சாய்ந்த கம்பந்தான். நூல் பிடித்தாற்போல் அது நிமிர்ந்து நின்றிருந்தால், ‘கொடி ஏறியது’ என்ற செய்தி மட்டுமே கிடைத்திருக்கும். சாய்ந்திருந்ததாலே, பார்ப்பவனும் ஏழாவது ஆளாகிக் கை கொடுக்கிறான்!

விதி வகுப்போர் கவனிக்கட்டும்: அந்தக் கம்பம் வலப்புறக் கீழிருந்து இடப்புற மேலாகச் செல்கிறது. ஏட்டு விதிப்படி அஃது ‘இறக்கம்’. அதை இறக்கமென்று எண்ணியவர் உண்டா? உந்துகின்ற உடல்கள் எப்புறம் சாய்கின்றனவோ அப்புறமே ஏற்றம். கோட்டுக்குத் திசை தருவது மூலையன்று. அதிலே செல்லும் உழைப்பு.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் படம் வெற்றிப் படமாக உலகெங்கும் கொண்டாடப்பட்டது. உண்மையிலே அன்று போர் தொடங்கி ஐந்தாம் நாள். மார்ச் 26 வரையிலே குருதி கொட்டியது. கொடியேற்றிய ஆறு பேரில் மூவர் அந்தத் தீவிலேயே மாண்டனர். அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 6,800 பேர் மடிந்தனர்; தீவைக் காத்து நின்ற ஏறத்தாழ 21,000 ஜப்பானியரில் மிகப் பெரும்பாலோர் மடிந்தனர். கம்பத்தைப் பிடித்திருந்தோர் இன்னாரென்று கூறப்பட்ட பெயர்களே பிழையென்று கண்டு, 2016இலும் 2019இலும் திருத்தினர். சாய்கோடு நம்மை இழுத்துச் சென்ற வேகத்திலே, ‘யார் இவர்கள்? பிறகு என்ன ஆனார்கள்?’ என்ற கேள்வி பின்தங்கிவிட்டது. வேகத்துக்கு அந்தக் குணம் உண்டு.

சாய்கோட்டைக் கொள்கையாகவே கொண்டாடிய கலைஞன் ஒருவன் உண்டு: ரஷ்ய நாட்டு அலெக்சாந்தர் ரோட்சென்கோ. 1891இல் பிறந்து 1956இல் மறைந்தவன். ஓவியனாகத் தொடங்கி, ஓவியம் போதாதென்று காமிராவைக் கையிலெடுத்தவன். நிலைக்காலின்மீது நிறுத்தி, நின்ற இடத்திலே நின்று, எதிரே உள்ளதை எடுப்பதே அதுவரை பெருவழக்கு. அந்த முறையைத் தொப்புளின் மட்டத்திலிருந்து உலகத்தைப் பார்ப்பது என்று அவன் எள்ளினான். அரண்மனை ஓவியங்கள் காட்டிய அதே பார்வையை, முடியாட்சி ஒழிந்த நாட்டின் காமிராவும் ஏன் காட்ட வேண்டும் என்பது அவன் கேள்வி. 1925இல் தான் வாழ்ந்த கட்டிடத்தைக் கீழே நின்று, தலையை அண்ணாந்து படமெடுத்தான். மாடங்கள் ஏணிபோல வானத்தை நோக்கி விரைந்தன. 1928இல் லைகா என்னும் சிறிய காமிரா அவன் கைக்கு வந்தது. கைக்கடக்கமான அதைக் கொண்டு மேலிருந்தும் கீழிருந்தும் சாய்த்தும் எடுத்துத் தள்ளினான்.

1930ஆம் ஆண்டையொட்டி அவன் எடுத்த ‘படிக்கட்டுகள்’ என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். குழந்தையைச் சுமந்துகொண்டு பெண்ணொருத்தி அகன்ற படிகளிலே ஏறுகிறாள். வேறொன்றும் இல்லை. கடைவீதிக்குச் சென்று திரும்பும் தாயாக இருக்கலாம். ஆனால், படமெங்கும் ஒளியும் நிழலும் பட்டை பட்டையாகச் சாய்ந்தோடுகின்றன. அந்த ஒருத்தி ஏறுவது ஓர் உலகமே ஏறுவதுபோலிருக்கிறது. நாம் கவனிக்க வேண்டியது இது: படிகள் சாய்ந்தவையல்ல. சாய்ந்த படியிலே எவரும் நிற்க முடியாது. படி கிடையாகத்தான் கிடக்கிறது, சாய்ந்தது காமிரா! 1934இல் எடுத்த ‘லைகாவுடன் பெண்’ என்ற படத்திலே பெண்ணொருத்தி இருக்கையிலே அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள். மேலேயிருந்து விழும் கட்டம் கட்டமான நிழலும், சாய்த்துப் பிடித்த காமிராவும் சேர்ந்து, உட்கார்ந்திருப்பவளைப் புயலிலே அகப்பட்ட படகிலிருப்பவள்போல ஆக்கிவிடுகின்றன. அசைவு அவளிடம் இல்லை, எடுத்தவனிடம் இருக்கிறது.

புதியதைச் செய்பவனைப் பழைமை மட்டுமா எதிர்க்கிறது? புரட்சியின் பேரால் ஆளவந்தாரும் எதிர்த்தனர். 1928இல் சோவியத் புகைப்பட இதழொன்று, மேலைநாட்டாரைப் பார்த்துப் படியெடுக்கிறான் என்று அவன்மீது பழி சுமத்தியது. எக்காளம் ஊதும் சிறுவனின் முகத்தைத் தாடைக்கடியிலிருந்து எடுத்த 1930ஆம் ஆண்டுப் படம், மனித உருவைச் சிதைப்பதாகக் கண்டனத்துக்குள்ளாயிற்று. அவன் சேர்ந்திருந்த அக்டோபர் குழுவே 1931இல் அவனை வெளியேற்றியது. உள்ளடக்கத்தை விட்டு வடிவத்தை வழிபடுபவன் என்பது குற்றச்சாட்டு.

அந்தக் கண்டனம் கலையை அடக்கவந்த கட்டளை. அதை நாம் ஏற்கவில்லை. ஆனால், பிறகு நடந்ததைக் கூறாமல் ரோட்சென்கோவுக்கு மாலை சூட்டுவதும் நேர்மையாகாது. வெண்கடலையும் பால்டிக் கடலையும் இணைக்க 227 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்வழி ஒன்றை 1931 முதல் 1933 வரை அமைத்தனர். அமைத்தோர் கைதிகள், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். மண்வெட்டியும் சம்மட்டியும் தள்ளுவண்டியுமே பெரும்பாலும் கருவிகள். குளிரிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதைப் படமெடுக்க ரோட்சென்கோ சென்றான். ‘சோவியத் ஒன்றியம் கட்டுமானத்தில்’ என்ற படஇதழின் 1933 டிசம்பர் ஏடு அவன் படங்களாலும் அவன் வடிவமைப்பாலும் நிறைந்தது. கைதிகள் பாறை உடைக்க, அருகே இசைக்குழு வாசிக்கும் படமும் அப்போது எடுத்ததே. மதகுகளின் மரச்சுவர்கள் உயர்ந்தெழுகின்றன. மனிதத்திரள் எறும்புச் சாரைபோல அணிவகுக்கிறது. என்னே எழுச்சி! என்னே வேகம்! தாயொருத்தி படியேறியபோது விடுதலை பாடிய அதே கண், இங்கே அடிமைத்தனத்துக்கு அலங்காரம் செய்தது.

கடுமையான சூழலிலே உயிரோடிருக்க அவன் அதைச் செய்திருக்கலாம். கைதிகள் திருந்துகிறார்கள் என்று உண்மையாகவே நம்பியும் இருக்கலாம். அவன் உள்ளத்தைத் தோண்டித் தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. நமக்கு வேண்டிய பாடம் இது: எழுச்சியைக் காட்டும் கோடு, எழுச்சிக்குச் சான்றாகாது. சாட்டையின் கீழே குனிந்து பாரம் இழுப்பவனின் முதுகும் சாய்கோடுதான். தளையை உடைத்து முன்னேறுபவனின் முதுகும் சாய்கோடுதான். காமிராவுக்கு இரண்டும் ஒன்று. நமக்கு ஒன்றல்ல.

சாய்கோடு இப்படியென்றால், ஓய்ந்த கோடு எப்படி? ஓய்வென்றால் உறக்கம், அமைதியென்றால் அடிமைத்தனம் என்று நம் தோழர்களிலே சிலர் கருதக்கூடும். ‘பொங்கியெழு’ என்று முழங்குவோருக்கு ‘நின்று பார்’ என்பது பிடிக்காதுதான். அவர்கள் வாக்கர் எவன்ஸ் என்பாரின் படமொன்றைக் காணட்டும்.

1936ஆம் ஆண்டுக் கோடை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே பருத்தி விளைவிக்கும் குத்தகைக் குடியானவர்களைப் பற்றி எழுத ஜேம்ஸ் ஏஜி என்ற எழுத்தாளரும் படமெடுக்க எவன்சும் சென்றனர். அனுப்பிய செல்வர் இதழ் அந்தக் கட்டுரையை வெளியிடவில்லை. 1941இல்தான் அது நூலாக வந்தது. அதிலுள்ள படம்: குடியானவப் பெண்ணொருத்தி தன் வீட்டு மரச்சுவரின் எதிரே நிற்கிறாள். கீழிருந்தும் பார்க்கவில்லை, மேலிருந்தும் பார்க்கவில்லை எவன்ஸ். அவள் கண்ணுக்கு நேராகக் காமிராவை நிறுத்தினார். சுவரின் பலகைகள் ஒன்றன்மேலொன்றாகக் கிடைக்கோடுகளாக ஓடுகின்றன. அவள் இறுக மூடிய உதடுகள் மற்றொரு கிடைக்கோடு. நெற்றியிலும் மெல்லிய கோடுகள். பலகையும் முகமும் ஒரே வெயிலிலே, ஒரே மழையிலே காய்ந்தும் நனைந்தும் வரிவிழுந்தவை என்பது சொல்லாமலே விளங்குகிறது. ஓடவும் இடமில்லை, ஒளியவும் இடமில்லை. அவளுக்கும் இல்லை, பார்க்கும் நமக்கும் இல்லை.

அந்தப் படத்தைச் சாய்த்து எடுத்திருந்தால் என்னவாகியிருக்கும்? ‘ஐயோ, பாவம்!’ என்று பதறிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்போம். சாயாததாலே நிற்கிறோம். நிற்பதாலே அவள் நம்மைப் பார்க்கிறாள். ‘என் உழைப்பு எங்கே போயிற்று?’ என்ற கேள்வியை அவள் கேட்கவில்லை, நாம் கேட்கிறோம். உரக்கக் கத்திய குற்றச்சாட்டைவிட, குரல் உயர்த்தாமல் கூறிய சாட்சியம் வழக்குமன்றத்திலே வலிமையுடையதாவதில்லையா? அதுபோன்றது இது. அமைதி இங்கே அடிபணிதலன்று, அசைக்கவொண்ணாத சான்று. சுரண்டலைக் கண்டித்து முழங்கும் சுவரொட்டி ஒரு நாள் கிழியும். இந்தப் பெண்ணின் பார்வை கிழிவதில்லை.

இனி, படமொன்றுக்குள்ளேயே இரு திசைகள் மோதும் விந்தையைக் காண்போம். 1937 ஜனவரியிலே ஒஹையோ ஆறு பெருக்கெடுத்து, கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரை மூழ்கடித்தது. மார்கரெட் பர்க்-ஒயிட் என்னும் பெண்மணி அங்கே சென்று எடுத்த படத்தை ‘லைஃப்’ இதழ் பிப்ரவரியிலே வெளியிட்டது. பின்னே ஆலை முதலாளிகளின் சங்கம் வைத்த மாபெரும் விளம்பரப் பலகை. அதிலே புத்தம் புதிய காரொன்று நேராக நம்மை நோக்கி வருகிறது. உள்ளே புன்னகை பூத்த வெள்ளைக் குடும்பம், தாய், தந்தை, இரு குழந்தைகள், ஒரு நாய். உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத்தரம் அமெரிக்காவுடையதே என்று பறைசாற்றும் எழுத்துகள். பலகையின் அடியிலே, கையிலே கூடையும் வாளியும் பையுமாக, உதவிப் பொருளுக்குக் காத்து நிற்கும் நீக்ரோ மக்கள் என்று அக்கால ஏடுகள் குறித்த கருப்பின மக்கள், இடமிருந்து வலமாக ஒரே வரிசை.

கோடுகளைப் பாருங்கள்! மேலே உள்ளது பாய்ந்து வருகிறது. கீழே உள்ளது கிடையாகக் கிடக்கிறது. மேலுள்ளது ஓவியம், கீழுள்ளோர் மக்கள். ஓவியம் ஓடுகிறது, மக்கள் நிற்கின்றனர். சட்டகத்தின் இரு பக்கமும் வெட்டப்பட்டிருப்பதால் அந்த வரிசைக்குத் தொடக்கமும் தெரியவில்லை, முடிவும் தெரியவில்லை. காத்திருப்பதே வாழ்க்கை என்றாகிவிட்டவர்களின் கோடு அது. பொய்யை மேலே வைத்து மெய்யைக் கீழே வைத்த சமுதாயத்தின் அமைப்பை, ஒரு சொல்கூடச் சேர்க்காமல் கோடுகள் எழுதிக் காட்டிவிட்டன.

கைதட்டும் தோழர்கள் சற்றே பொறுக்க. இந்தப் படத்தைப் பின்னாளில் பலர், பொருளாதார மந்தத்திலே வேலையிழந்தோரின் வரிசை என்று கூறிப் பயன்படுத்தினர். அது பிழை. நின்றவர்கள் வெள்ளத்திலே வீடிழந்தவர்கள். ஆறு பெருகினால் வெள்ளையனும்தான் வீடிழப்பான். ஆகவே இந்தப் படம் கூறும் நிறவேற்றுமை பொய்யா? பொய்யன்று, பலகையிலே எவருக்கு இடமிருந்தது, எவருக்கு இல்லை என்பது பலகையிலேயே இருக்கிறது. ஆனால், நமக்கு உகந்த முடிவைக் கூறுகிறது என்பதற்காகப் படத்தின் தலைப்பை நாமே மாற்றிவிட உரிமையில்லை. தலபுராணம் எழுதுவோனிடம் நாம் கேட்கும் சான்றை, நம்மிடமும் நாம் கேட்க வேண்டும்.

இதே பாடத்தை இன்னொரு படமும் புகட்டுகிறது. ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1907இல் கப்பலொன்றிலே எடுத்த ‘கீழ்த்தளம்’. மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம். இடையே வெண்மையான நடைபாலம் ஆளற்றுச் சாய்ந்து கிடக்கிறது. புகைபோக்கி சாய்கிறது, ஏணி சாய்கிறது. வறுமையிலிருந்து தப்பி, வாழ்வைத் தேடி அமெரிக்கா வரும் ஏழைகளின் எழுச்சி என்றே பலரும் அதைப் படித்தனர். கப்பல் சென்றதோ நியூயார்க்கிலிருந்து ஐரோப்பாவுக்கு! வந்தவர்களல்லர் அவர்கள், திரும்பிச் சென்றவர்கள். எடுத்தவரோ அதே கப்பலிலே முதல் வகுப்புப் பயணி. கோட்டின் சாய்வு ‘பயணம்’ என்று சொன்னது உண்மை. ‘எத்திசைப் பயணம்’ என்று அது சொல்லவில்லை. அதை நாமாகச் சேர்த்துக்கொண்டோம்.

இத்துணை தொலைவு சென்று பிற நாட்டுப் படங்களைப் பிரித்துப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. படங்களால் சூழப்பட்ட காலம் இது. ஒவ்வொரு கையிலும் காமிரா. ஒவ்வொரு சுவரிலும் சுவரொட்டி. நம் மேடைகளைப் படமெடுப்போர் கீழே குனிந்து, தலைவரின் உயர்த்திய கை வானைக் கிழிப்பதுபோல எடுக்கின்றனர். கூட்டத்தைச் சாய்த்து எடுத்தால் ஐந்நூறு பேர் ஐயாயிரமாகத் தெரிகின்றனர். எதிரியின் கூட்டத்தை நேராக, தொலைவிலே நின்று எடுத்தால் காலி நாற்காலிகள் தெரிகின்றன. இந்த வித்தையை நாமும் அறிவோம், அவர்களும் அறிவர். கற்சிலையை நிமிர்த்தி நிறுத்தி, படியேற்றி, அண்ணாந்து பார்க்க வைத்து மனிதனைச் சிறியவனாக்கியவர்களை நாம் கண்டித்தோம். காகிதத்திலே அதே கோணத்தை நாமே அமைத்து, அதற்கு நாமே மாலையும் சூட்டினால், உளி மட்டுமே மாறியிருக்கிறது; வழிபாடு மாறவில்லை!

ஆகவே சாய்கோடு வேண்டாமென்று தடை போடுவதா? அது சோவியத் இதழ் செய்த தவறு. கலைஞனுக்குக் கோணம் உரிமை. ஏறுகின்ற தாயை ஏற்றத்தோடு காட்டட்டும். உழைப்பின் வேகத்தைச் சாய்வோடு காட்டட்டும். பார்ப்பவனுக்கு உரிமை கேள்வி. அந்தக் கேள்விகள் மூன்று. சாய்ந்தது பொருளா, காமிராவா? படத்தைத் திருப்பிப் பிடித்துக் கோட்டைக் கிடையாக்கிப் பாருங்கள். மிகுதியாக எஞ்சுவது என்ன? எஞ்சுவது உழைப்பும் உடலும் ஆனால் படம் மெய். ஒன்றும் எஞ்சாவிட்டால் அது வெறும் சாய்வு. இரண்டாவது, சட்டகத்துக்கு வெளியே இருப்பது யார்? கால்வாயின் கரையிலே துப்பாக்கியுடன் நின்றவன் எங்கே? மூன்றாவது, இந்த வேகத்தாலே நான் எதை எண்ணிப் பார்க்காமல் விட்டேன்?

அமைதியான படத்தையும் அவ்வாறே கேளுங்கள். பண்ணையாரின் மாளிகையைச் சமச்சீராக, நேராக, நிழல் படாமல் எடுத்த படமும் ஓய்ந்த கோடுதான். என்றும் இருந்தது, என்றும் இருக்கும் என்று அது ஓதுகிறது. குடியானவப் பெண்ணின் மரச்சுவரும் ஓய்ந்த கோடுதான். ‘எத்தனை நாள் இருக்கும்?’ என்று அது கேட்க வைக்கிறது. ஒரே கோடு, இரு வேறு கட்சி!

காமிராவைச் சாய்ப்பவர் சாய்க்கட்டும், நிமிர்த்துபவர் நிமிர்த்தட்டும். படம் எப்பக்கம் சாய்ந்தாலும், பார்ப்பவனின் அறிவு துலாக்கோலின் தண்டுபோலச் சாயாதிருக்க வேண்டும். அந்த ஒரு கோடு நேராக இருக்குமானால், மற்றக் கோடுகளைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை.